கழுவி எடுத்த போத்தல்

எங்கள் கல்யாண நாளுக்கு மூத்தவள் ஒரு பெட்டி தந்தாள். அவளுக்கு 14 வயது. சேர்த்து வைத்த காசில் வாங்கினதாம். திறந்தால், கடும் பச்சையில் இரண்டு வைன் கிளாஸ்! எங்கள் வீட்டுக்குள் இதுவரை வராத சாமான். நான் முதலில் பார்த்தது கூட இருக்கும் அம்மாவின் முகத்தைத்தான்.

"அம்மம்மா, இது பழைய வைன் போத்தல். வெட்டிச் செய்தது," என்றாள் மகள்.

பள்ளிக்கூட டிசைன் பாடத்தில் படித்தாளாம். லண்டனில் 1997இல் டோர்ட் போன்ட்யே, எம்மா வோஃபென்டன் என்ற இருவர் பழைய வைன், பியர் போத்தல்களை வெட்டி, ஜாடியும் பூச்சாடியும் கிளாசுமாக ஆக்கினார்கள். 'ட்ரான்ஸ்கிளாஸ்' என்று பெயர். இவள் வாங்கினது வேறு யாரோ செய்தது. போத்தலைத் தலைகீழாகப் பிடியுங்கள்: கழுத்துத்தான் கால், தோள்தான் கிண்ணம். கழுத்தை அடைத்து, கீழே ஒரு கண்ணாடித் தட்டை ஒட்டினால் கிளாஸ் நிற்கும்.

இன்னொரு வழி உருக்கி ஊதுவது. எஸ்வாத்தினி நாட்டில் 1979இல் சுவீடன் உதவியோடு தொடங்கி, இடையில் மூடி, 1987இல் திரும்பத் திறந்த ங்வென்யா பட்டறையில் பழைய கண்ணாடியை உருக்கித்தான் வைன் கிளாஸ் ஊதுகிறார்கள். 'மறுசுழற்சி' என்று லேபிளில் கண்டால் வெட்டினதா, உருக்கினதா, எத்தனை வீதம் பழைய கண்ணாடி என்று கேட்டு வாங்குங்கள்.

அம்மா விளிம்பில் விரலை ஓட்டிப் பார்த்தார். "வாய் வெட்டாதோ?"

"இல்லை அம்மம்மா, தேய்ச்சு மழுக்கியிருக்கினம்."

கொஞ்ச நேரம் அம்மா பேசவில்லை. பிறகு மெல்லச் சொன்னார்.

"உன்ர அம்மப்பா நல்லாக் குடிப்பார், பிள்ளை. ஊரில ஒவ்வொரு நாளும் சாராயப் போத்தல் கழுவினனான். நல்லெண்ணெய் விட்டு வைக்க எண்டு சனத்துக்குச் சொல்லுவன். அவ்வளவு எண்ணெய் எங்களிட்ட எங்க இருந்தது?"

எனக்குத் தெரிந்த கதைதான். ஆனால் மகளிடம் 'அம்மப்பா வருத்தத்தில செத்தவர்' என்று மட்டும்தான் சொல்லி வைத்திருந்தேன்.

"அப்ப இதைக் கடையில திருப்பிக் குடுக்கட்டா?" மகளின் குரல் கம்மிவிட்டது.

"ஏன்? போத்தல் என்ன செய்தது? மோர் விட்டுத் தா."

அன்றிரவு மகள் என் கட்டிலில் வந்து இருந்து நிறையக் கேட்டாள். அடிப்பாரா? நீ பயந்தனியா? அப்பாவும் குடிப்பாரா? எனக்கும் அப்பிடி வருமா? தெரிந்ததைச் சொன்னேன். 'குடிக்கக் கூடாது' என்று நாங்கள் எல்லோரும் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். ஏன் என்பதற்குரிய வீட்டுக் கதையை மட்டும் ஒளித்து விடுகிறோம். சில வருடங்களில் அவளுடைய சிநேகிதர்கள் யாராவது அவள் கையில் ஒரு கிளாசைக் கொடுக்கத்தான் போகிறார்கள். அதற்கு முதல் அவள் இதை அம்மம்மாவின் வாயால் கேட்டது நல்லது.

கடைசியாக ஒன்று. ஒட்டின கிளாசை டிஷ்வாஷரில் போடாதீர்கள், ஒட்டு விட்டுவிடும். கையால்தான் கழுவ வேண்டும். எங்கள் வீட்டில் அந்த வேலையை அம்மா வேறு யாருக்கும் கொடுப்பதில்லை.