சிறுசேமிப்புக்கும் விலைவாசிப்படி வேண்டும்

2022-இல் மலேசியாவின் பணவீக்கம் 3.3 விழுக்காடு என்றது புள்ளிவிவரத் துறை. அதே ஆண்டில் உணவுப் பொருள்களின் விலை 5.8 விழுக்காடு ஏறியதாகச் சொன்னதும் அதே துறைதான். கெடாவின் சுங்கை லாலாங், பீடோங் வட்டாரத்துக் குடும்பங்கள் இந்த இரண்டு எண்களில் எதை நம்புவது? இரண்டுமே சரியான கணக்குதான். சம்பளத்தில் பெரும்பகுதியை அரிசிக்கும் கோழிக்கும் கொடுத்துவிடுகிற குடும்பத்தைச் சுட்டது இரண்டாவது எண். ஆகவே, சிறுசேமிப்பாளர்களுக்கென விலைவாசியோடு இணைந்த கடன் பத்திரத்தை அரசு வெளியிட வேண்டும். அதன் மதிப்பை ஏழைக் குடும்பங்களின் செலவை அளக்கும் குறியீட்டோடு இணைக்க வேண்டும் என்று வலியுறுத்துகிறோம்.

பயனீட்டாளர் விலைக் குறியீடு என்பது நாட்டு மக்கள் அனைவரின் செலவையும் ஒன்றாகச் சேர்த்து எடுத்த சராசரி. அதில் உணவுக்கும் பானங்களுக்கும் கிடைக்கும் எடை நூற்றுக்குக் கிட்டத்தட்ட 30. ஒரு தோட்டத் தொழிலாளியின் வீட்டில் உணவுச் செலவு பாதியாக இருந்தால் என்ன ஆகும்? 2022-இன் எண்களை வைத்தே கணக்குப் போடலாம். உணவல்லாத மற்றவை சுமார் 2.25 விழுக்காடு ஏறியிருக்கின்றன. இரண்டையும் பாதிப்பாதியாகச் சேர்த்தால் அந்த வீட்டின் பணவீக்கம் 4 விழுக்காடு. அவ்வாண்டு மே மாதம் வரை மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் கொள்கை வட்டி விகிதம் 1.75 விழுக்காடுதான். வைப்புத்தொகை வட்டியும் அதையொட்டியே இருந்ததால், வங்கியில் பத்திரமாக இருப்பதாக நம்பிய பணம், இருந்த இடத்திலேயே தேய்ந்தது.

எதை அளப்பது என்று தீர்மானிக்கிறவர் கையில்தான் கூலியும் இருக்கிறது. இது தோட்டப்புறத்துக்குப் புதிய பாடமல்ல. 1920களில் கெடாவை அடுத்த புரோவின்ஸ் வெல்லஸ்லியில், தொழிலாளியின் குடும்பச் செலவை ஆராய்ந்து நாட்கூலி நிர்ணயிக்கப்பட்டது: ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. 1930-இல் ரப்பர் விலை சரிந்ததும் அது 40, 32 காசுகளாகக் குறைக்கப்பட்டது. இன்று நிலைமை மாறியிருக்கிறது. குறைந்தபட்சச் சம்பளத்தை மறுஆய்வு செய்யும்போது விலைக் குறியீடும் கருத்தில் கொள்ளப்படுகிறது. 2022 மே மாதம் 1,500 வெள்ளியாக இருந்த அது 2025 பிப்ரவரியில் 1,700 வெள்ளியானது. பணவீக்கத்துக்கு மேல் 2 விழுக்காடாவது ஈட்டித் தருவதை ஊழியர் சேம நிதி வாரியமும் இலக்காக வைத்திருக்கிறது. ஆனால் 55 வயதில் அந்தப் பணத்தை மொத்தமாக எடுத்து வங்கியில் போடும் தொழிலாளிக்கு, அன்றோடு அந்தப் பாதுகாப்பு முடிந்துபோகிறது.

நாம் கேட்கும் பத்திரத்தின் வேலை எளிது. 1,000 வெள்ளி போட்ட பிறகு குறியீடு 100-இலிருந்து 103-க்கு ஏறினால் முதல் 1,030 வெள்ளியாகும்; வட்டியும் அந்த 1,030-க்கே கணக்கிடப்படும். பிரிட்டன் 1981-லும் அமெரிக்கா 1997-லும் இத்தகைய பத்திரங்களைத் தொடங்கிவிட்டன. சாமானியரிடம் விற்கும் வழி நமக்கும் தெரியும். 2020-இல் ‘சுக்குக் பிரிஹாத்தின்’ என்ற அரசுப் பத்திரம் 500 வெள்ளியிலிருந்தே விற்கப்பட்டு 66 கோடி வெள்ளிக்கு மேல் திரண்டது. அதன் ஆதாயமோ ஆண்டுக்கு 2 விழுக்காடு என்று இறுகிக் கிடந்தது.

2024-இல் பணவீக்கம் வெறும் 1.8 விழுக்காடு, இதற்கு இவ்வளவு ஏற்பாடு எதற்கு என்று கேட்பார்கள். குறைந்த பணவீக்கம் என்றால் அரசுக்கும் செலவு குறைவு. தொடங்க நல்ல நேரம் அதுதான். மேலும், நம் நாட்டில் பல விலைகள் உதவித்தொகையாலும் உச்சவரம்பாலும் அடக்கி வைக்கப்பட்டவை. 2024 ஜூன் 10-ஆம் தேதி தீபகற்பத்தில் டீசல் ஒரே நாளில் 2.15 வெள்ளியிலிருந்து 3.35 வெள்ளியானது. அரசு கையை எடுக்கும் நாளில் விலை ஏறுமென்றால், அந்த இழப்பை அரசே ஈடுகட்டுவது நியாயம்.

இந்தியாவில் இது எடுபடவில்லையே என்பது அடுத்த வாதம். உண்மைதான். 2013 ஜூனில் அங்கே வந்த பத்திரம் மொத்த விலைக் குறியீட்டோடு இணைக்கப்பட்டது. குடும்பங்கள் வாங்குவதோ சில்லறை விலையில். அதே ஆண்டு டிசம்பரில் சில்லறை விலையோடு இணைந்த சேமிப்புப் பத்திரம் வந்தபோது, வட்டி 1.5 விழுக்காடு, தவணை 10 ஆண்டு. ஓய்வுக்காலப் பணத்தை அவ்வளவு காலம் முடக்க யார் துணிவார்? தவணை குறைவாகவும் அவசரத்துக்கு விற்கக்கூடியதாகவும் இருந்தால் அந்தத் தடை நமக்கு இராது.

பணம் கொடுக்க வேண்டிய அரசே விலையை அளக்கிறதே என்ற கேள்வி இன்னும் கனமானது. அர்ஜென்டினா 2007-இல் தன் புள்ளிவிவர அலுவலகத்தில் கைவைத்தது. குறியீட்டை நம்பிப் பத்திரம் வாங்கியவர்கள் ஏமாந்தார்கள். 2013-இல் அனைத்துலக நாணய நிதியம் அந்நாட்டைக் கண்டித்தது. ஆனால் பத்திரங்கள் சந்தையில் கைமாறினால் அதுவே காவலாகும். சாதாரணப் பத்திரத்தின் ஆதாயத்துக்கும் விலைவாசிப் பத்திரத்தின் ஆதாயத்துக்கும் உள்ள இடைவெளி, வணிகர்கள் எவ்வளவு பணவீக்கத்தை எதிர்பார்க்கிறார்கள் என்பதைக் காட்டிவிடும். அரசின் எண் மீது நம்பிக்கை குறைந்தால் அந்தச் சந்தேகமும் விலையில் தெரியும். குறியீட்டைக் கணிக்கும் முறையை மாற்றினால் என்ன செய்வது என்பதையும் பத்திரத்திலேயே எழுதி வைக்கலாம்.

மாதம் 3,000 வெள்ளிக்குக் குறைந்த வருமானமுள்ள குடும்பங்களுக்கான குறியீட்டைப் புள்ளிவிவரத் துறை ஏற்கனவே வெளியிடுகிறது. அதையே அடிப்படையாகக் கொள்ளலாம். சில ஆண்டுகளில் அது பொதுக் குறியீட்டைவிடக் குறைவாகவும் வரலாம், வரட்டும். இந்தச் சேமிப்பாளர் கேட்பது லாபமல்ல, தன் செலவுக்கு ஈடு. அளவுகோல் தயாராக இருக்கிறது, விற்பனை வழி தெரிந்திருக்கிறது. அடுத்த வரவு செலவுத் திட்டத்திலேயே நிதியமைச்சு இதை அறிவிக்க வேண்டும்.