வசனத் தட்டுகளை விட்டுவிடாதீர்கள்

நாடக நடிகர் எஸ்.ஜி. கிட்டப்பா ஒரு சினிமாவிலும் நடித்தவரில்லை. தமிழின் முதல் பேசும்படம் என்று சொல்லப்படும் 'காளிதாஸ்' 1931 அக்டோபரில் வந்தது. 1933 டிசம்பரில், இருபத்தேழு வயதில், கிட்டப்பா காலமாகிவிட்டார். அவரை மேடையில் கண்டு கேட்டவர்களும் இன்று இல்லை. மைக் இல்லாத கொட்டகையில் கடைசி பெஞ்சு வரை எட்டிய அந்தக் குரல் இப்போது மிஞ்சியிருப்பது அரக்குத் தட்டுகளில்தான்.

பாட்டுத் தட்டுகளைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. கிட்டப்பா பாட்டும் கே.பி. சுந்தராம்பாள் பாட்டும் கேசட்டில் வந்து, சி.டி.யில் வந்து, இன்று செல்போனிலேயே கிடைக்கின்றன. கவலையெல்லாம் டிராமா செட்டுகளைப் பற்றித்தான். 1930களில் கோவலன், நல்லதங்காள், பவளக்கொடி என்று முழுக் கதையையும் பல தட்டுகளில் பதிந்து செட்டாக விற்றார்கள். சினிமாவுக்கு வருமுன் ஏ.வி. மெய்யப்பன் சரஸ்வதி ஸ்டோர்ஸ் நடத்தி இசைத்தட்டு வியாபாரம் செய்த காலம் அது. விடிய விடிய நடக்கும் நாடகத்தைப் பக்கத்துக்கு மூன்று நிமிடம், மூன்றரை நிமிடம் என்று நறுக்கி அடைத்தார்கள். மேடையில் வள்ளியும் வேடனும் மணிக்கணக்கில் செய்கிற தர்க்கம் தட்டில் நாலு பேச்சோடு முடிந்துவிடும். இருந்தாலும் அந்த நாலு பேச்சில்தான் அன்றைய நடிகர்கள் எப்படி வசனம் பேசினார்கள், எங்கே இழுத்தார்கள், பபூன் எந்த இடத்தில் குறுக்கே புகுந்தார் என்பதெல்லாம் இருக்கிறது. எந்தப் புத்தகத்திலும் அது கிடைக்காது.

பழைய சாமான் சந்தையில் செட்டைப் பிரித்துத்தான் விற்கிறார்கள். பாட்டு இருக்கும் தட்டு உடனே போய்விடும். வசனத் தட்டு அடுக்கின் அடியில் கிடந்து கீறல் விழுந்து, கடைசியில் உடையும். என்னிடம் இருக்கும் நல்லதங்காள் செட்டைக் கேளுங்கள்: பஞ்சத்தில் வாடிய நல்லதங்காள் பிள்ளைகளோடு அண்ணன் வீட்டுக்குப் புறப்படுகிறாள். அடுத்த தட்டு இல்லை. அதற்கடுத்த தட்டில் கிணற்றடியில் அழுதுகொண்டிருக்கிறாள். அண்ணன் மனைவி மூளியலங்காரி பேசும் தட்டுதான் காணாமல் போயிருக்கிறது. அந்தக் கொடுமைக்காரியைப் பேசிய நடிகை குரலை உயர்த்தினாரா, தாழ்த்திக் குத்தினாரா என்று அறிய நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

கிடைத்த தட்டையும் சரியாகக் கேட்கத் தெரிய வேண்டும். நிமிடத்துக்கு 78 சுற்று ஓட வேண்டியது 82, 83 ஓடினால் நாலரைக் கட்டைக் குரல் ஐந்து கட்டையாகிவிடும். பேச்சும் பரபரவென்று ஆகும். அந்தக் காலத் தட்டுகள் எல்லாம் கச்சிதமாக 78இல் பதிவானவையும் அல்ல. நல்லவேளையாகப் பெரும்பாலான செட்டுகளில் ஆர்மோனியம் உண்டு. அதன் சுருதியைப் பிடித்துக்கொண்டு வேகத்தைத் திருத்திவிடலாம். பாட்டே இல்லாத பக்கத்தில் அதுவும் கிடையாது. அதே செட்டின் பாட்டுப் பக்கத்தைத்தான் நம்ப வேண்டும். செட்டைப் பிரிக்காதீர்கள் என்று நான் மன்றாடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மும்பையில் 1990இல் தொடங்கிய இந்திய இசைத்தட்டு சேகரிப்பாளர் சங்கத்தைச் சேர்ந்தவர்கள் முயன்று, பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு, ஓடியன் கம்பெனித் தட்டுகள் பலவற்றைக் கணினிக்கு மாற்றியிருக்கிறார்கள். சென்னையில் பதிவானவையும் அவற்றில் சேர்த்தி. தமிழ் நாடகத்துக்கென்று நாமே அப்படி ஒன்றைச் செய்திருக்க வேண்டாமா?

உங்கள் வீட்டுப் பரணில் தட்டுகள் இருந்தால் பழைய கிராமபோனில் வைத்து ஓட்டிப் பார்க்காதீர்கள்; அந்தக் கனத்த இரும்பு ஊசி ஒவ்வொரு முறையும் கொஞ்சம் குரலைச் சுரண்டிவிடும். ஸ்பிரிட் போட்டுத் துடைக்கவே கூடாது. மர பாலிஷுக்கு அரக்கைக் கரைப்பதே ஸ்பிரிட்டில்தான், தட்டும் அரக்குதான். செங்குத்தாக நிறுத்தி வையுங்கள். லேபிளில் உள்ள பெயர், எண், பாகம் மூன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு 78க்கு உரிய ஊசி வைத்திருப்பவரிடம் கொடுத்துப் பிரதி எடுங்கள். பாட்டுப் பக்கத்தோடு நிறுத்திக்கொள்ளாமல், வசனப் பக்கத்தையும் சேர்த்து எடுக்கச் சொல்லுங்கள்.