வாயில்லா ஜீவனின் கண்

கண்ணில் தூசி விழுந்தால் குழந்தை அழுது ஊரைக் கூட்டிவிடும். நாய்க்கோ பூனைக்கோ அந்த வித்தை தெரியாது. ஒரு மூலையில் சுருண்டு, நோகும் கண்ணை மூடிப் படுத்திருக்கும். தூங்குகிறதென்று நாமும் நம் காரியத்தைப் பார்க்கப் போய்விடுகிறோம்.

கோவளம் போன்ற கடற்கரையூர்களில் காற்று எழும்பினால் மணலும் கூடவே எழும்பும். கருவிழியில் கீறல் உண்டாக ஒரு துகள் போதும், கீறல் புண்ணாகிவிடும். ஒற்றைக் கண்ணை இடுக்குதல், ஓயாமல் நீர் வடிதல், வெளிச்சம் கண்டு கூசுதல், முன்னங்காலால் தேய்த்தல் ஆகியவை அதன் அடையாளங்கள்.

இச்சமயம் தாய்ப்பாலையும் நந்தியாவட்டைச் சாற்றையும் தேடுவோர் உண்டு. அவற்றை விடவே கூடாது. தாத்தாவுக்கு வாங்கி மீந்த சொட்டு மருந்தோ அவற்றினும் ஆபத்தானது. அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் புண் ஆறாமல் ஆழமாகி, கருவிழியே துளைபட்டுப் போகலாம். வைத்தியர் ஃப்ளோரசின் என்னும் சாயத்தை விட்டு, புண் பச்சையாய் ஒளிர்கிறதா என்று பார்த்த பிறகே மருந்து சொல்லுவார்.

வயதான நாயின் கண் மங்கினால் 'புரை' என்று உடனே தீர்ப்புக் கூறிவிடுகிறோம். ஏழெட்டு வயதுக்கு மேல் கண்ணின் வில்லை இறுகி, நீலச் சாயல் தட்டுவது இயற்கையே. பார்வை பெரும்பாலும் கெடாது. வில்லை பால்போல் வெளுத்தால் அது புரையாக இருக்கலாம். அதற்குச் சஸ்திர சிகிச்சை உண்டு. ஆனால் கண் சிவந்து, கருவிழி மங்கி, கண்மணி விரிந்தபடியே நின்றால், கண்ணுக்குள் அழுத்தம் மிகுந்துவிட்டதோ என்று ஐயுற வேண்டும். அந்நோயில் ஓரிரு நாளிலேயே பார்வை மீளாமல் போய்விடக் கூடும். 'நாளைக்குப் பார்க்கலாம்' என்பதற்கு அங்கே இடமில்லை.

உண்ணியால் வரும் காய்ச்சலும் கண்ணைச் சிவக்கச் செய்யும்; உள்ளே இரத்தம் கசிவதும் உண்டு. ஆகவே சிவந்த கண்ணோடு சோர்வும் பசியின்மையும் கண்டால், வைத்தியரிடம் உண்ணியைப் பற்றியும் சொல்லுங்கள்.

வீட்டில் செய்யத் தக்கது சிறிதே. கொதித்து ஆறிய நீரில் நனைத்த சுத்தமான பஞ்சினால் பீளையைத் துடைக்கலாம்; பிராணி கண்ணைத் தேய்க்காமல் காவல் இருக்கலாம். பிறகு அருகிலுள்ள கால்நடை மருத்துவரிடம் செல்லுவதே முறை. பெரிய சிகிச்சை வேண்டுமானால், 1903-ல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரி வேப்பேரியில் இருக்கிறது. கோவளத்திலிருந்து ஏறக்குறைய 40 கிலோமீட்டர் தூரந்தான்.

வாரம் ஒருமுறை, நல்ல வெளிச்சத்தில் பிராணியின் முகத்தை நிமிர்த்தி, இரு கண்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். நேற்றுவரை ஒன்றுபோலிருந்த கண்கள் இன்று வேறுபட்டிருந்தால், அன்றைக்கே புறப்பட்டுவிடுங்கள்.