படுக்கைக்கு முன் பாரத்தைக் கணக்கிடுங்கள்

மாணவர்களே, ஜொகூருக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் நெருங்கிய உறவு உண்டு. 1998ஆம் ஆண்டு மலேசிய மோட்டார் சைக்கிள் கிராண்ட் பிரீ பந்தயம் பாசிர் கூடாங்கில் உள்ள ஜொகூர் பந்தயத் தடத்தில்தான் நடந்தது. அடுத்த ஆண்டுதான் அது சிப்பாங்கிற்கு மாறியது. 2001இல் தொடங்கிய ‘கெம்பாரா மக்கோத்தா ஜொகூர்’ பயணத்தில், சுல்தான் இப்ராஹிம் மோட்டார் சைக்கிளில் மாவட்டம் மாவட்டமாகச் சென்று மக்களைச் சந்தித்திருக்கிறார். அவருக்காக ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் மேக் நிறுவனம் தனியாகத் தயாரித்த கனவுந்து 2014இல் உலகச் செய்தியானது. அதில் படுக்கை, சமையல் வசதி, தொலைக்காட்சி எல்லாம் உண்டு. சாலையில் ஓடும் வீடு என்றே சொல்லலாம்.

அப்படியொரு கனவுந்து நம் வீட்டு வாசலில் நிற்கப் போவதில்லை. ஆனால் ஆசை யாரை விட்டது? சரக்கு ஏற்றும் சாதாரண மூடு டிரெய்லர் ஒன்றை வாங்கி, ஒரு பக்கம் மோட்டார் சைக்கிளுக்கு இடம், மறுபக்கம் படுக்கை, மூலையில் ஒரு சிறிய அடுப்பு என்று மாற்றிக்கொண்டால், சனிக்கிழமை காலையில் மெர்சிங் கடற்கரைக்கோ எண்டாவ் ரொம்பின் காட்டுப் பக்கமோ புறப்பட்டுவிடலாம். பிற நாடுகளில் பலர் இதைச் செய்கிறார்கள். செய்துகாட்டும் காணொளிகளுக்கும் பஞ்சமில்லை.

அந்தக் காணொளிகளைப் பார்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். பெரும்பாலானவை படுக்கையின் அழகில் தொடங்கி விளக்குகளின் வரிசையில் முடிகின்றன. எடையைப் பற்றிய பேச்சு கடைசியில் வரும், அல்லது வராமலேயே போகும். இது தலைகீழான வேலை என்பது என் கருத்து. டிரெய்லரைத் தேர்ந்தெடுக்கும்போதே பாரம், சமநிலை, காற்று ஆகிய மூன்றையும் கணக்கிட்டுவிட வேண்டும். படுக்கை அதற்குப் பிறகுதான். இதற்குத் தேவையான அறிவியல் முழுவதும் உங்கள் பாடநூலிலேயே இருக்கிறது.

எடை எங்கிருந்து வருகிறது?

6 அடி அகலமும் 12 அடி நீளமும் கொண்ட ஓர் அச்சு டிரெய்லரை எடுத்துக்கொள்வோம். வெறும் பெட்டியின் எடை 600 கிலோ, அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 1,350 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆக, நாம் ஏற்றக்கூடியது 750 கிலோ. கேட்பதற்கு நிறைய இருப்பதுபோல் தோன்றும்.

இப்போது கூட்டுவோம். நம் ஊர் கப்சாய் மோட்டார் சைக்கிள் ஒன்று ஏறத்தாழ 100 கிலோ. இரண்டு ஏற்றினால் 200. அடுத்து, சுவருக்கும் தரைக்கும் பலகை. 4 அடிக்கு 8 அடி, 12 மில்லிமீட்டர் தடிமன் கொண்ட ஒட்டுப்பலகை ஒன்றின் எடை என்ன தெரியுமா? நீளம், அகலம், தடிமனைப் பெருக்கிக் கன அளவைக் கண்டுபிடியுங்கள். அதை ஒட்டுப்பலகையின் அடர்த்தியான, கன மீட்டருக்குச் சுமார் 600 கிலோவால் பெருக்குங்கள். விடை 21 கிலோ. பத்துப் பலகைக்கு 210 கிலோ. அதாவது, சுவரை அழகுபடுத்தும் பலகையே இரண்டு மோட்டார் சைக்கிள்களைவிடக் கனம்! 60 லிட்டர் தண்ணீர் 60 கிலோ, மின்கலம் 30, கட்டிலும் மெத்தையும் 60, அடுப்பும் பாத்திரமும் 40, துணிமணியும் கருவிகளும் 80. மொத்தம் 680 கிலோ.

மீதம் 70 கிலோதான். ஒரு கப்சாயை இறக்கிவிட்டு 250 கிலோ எடையுள்ள பெரிய பைக் ஒன்றை ஏற்றினால், 80 கிலோ அதிகமாகிவிடும். டயரும் அச்சும் முகம் பார்த்து மன்னிப்பதில்லை.

அதனால்தான், எந்த டிரெய்லர் வாங்கலாம் என்று கேட்பவர்களுக்கு நீளத்தையும் உயரத்தையும் மட்டும் சொல்வது போதாது. என்னென்ன ஏற்றப்போகிறோம் என்று முதலில் ஒரு தாளில் எழுதிக் கூட்ட வேண்டும். கூடுதலாக ஐந்தில் ஒரு பங்கு இடம் விட வேண்டும். அதற்குப் பொருந்தும் அச்சும் பிரேக்கும் கொண்ட டிரெய்லரையே தேட வேண்டும். இழுக்கப்போகும் வண்டியின் தயாரிப்பாளர் எவ்வளவு இழுக்கலாம் என்று சொல்லியிருக்கிறார் என்பதையும் அதே தாளில் எழுதிக்கொள்ள வேண்டும்.

ஒரு மீட்டர் செய்யும் வேலை

மொத்த எடை சரியாக இருந்தாலும், அது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது அதைவிட முக்கியம். டிரெய்லரின் மூக்கு, இழுக்கும் வண்டியின் கொக்கியை எவ்வளவு எடையுடன் அழுத்துகிறது? மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு இருக்க வேண்டும் என்பது இத்தகைய டிரெய்லர்களுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் அளவு. நம் டிரெய்லரின் மொத்த எடை 1,280 கிலோ என்றால், மூக்கில் 128 முதல் 192 கிலோ வரை இருக்கலாம்.

நெம்புகோல் பாடத்தை நினைவுக்குக் கொண்டுவாருங்கள். கொக்கிக்கும் சக்கர அச்சுக்கும் இடையே 3 மீட்டர். மூக்கில் இப்போது 150 கிலோ. இரண்டு மோட்டார் சைக்கிள்களையும், அதாவது 200 கிலோவை, ஒரே ஒரு மீட்டர் பின்னால் தள்ளுங்கள். மூக்கின் பாரம் 200 பெருக்கல் 1 வகுத்தல் 3, ஏறத்தாழ 67 கிலோ குறையும். மிஞ்சுவது 83 கிலோ. அது மொத்த எடையில் 7 விழுக்காடுகூட இல்லை. படுக்கைக்கு முன்பக்கம் வசதியாக இருக்கிறது, பைக்கைப் பின்கதவு ஓரமாக நிறுத்திக்கொள்ளலாம் என்று எடுத்த சின்ன முடிவு செய்த வேலை இது.

மூக்கு லேசானால் டிரெய்லர் வால் ஆட்டத் தொடங்கும். முன்னால் பாரம் இருந்தால், பக்கவாட்டில் ஏற்படும் சிறு அசைவு தானாக அடங்கும். பின்னால் பாரம் இருந்தால், ஒவ்வோர் அசைவும் முந்தையதைவிடப் பெரிதாகும். வேகம் கூடக் கூட இது மோசமாகும். செனாய் டெசாரு விரைவுச் சாலையில் உள்ள சுங்கை ஜொகூர் பாலத்தை நினைத்துப் பாருங்கள். 2011இல் திறக்கப்பட்ட அந்தப் பாலத்தின் நீளம் 1.7 கிலோமீட்டர். திறந்த ஆற்றுவெளியில் பக்கவாட்டுக் காற்று, பக்கத்தில் கடந்துசெல்லும் கனவுந்து தள்ளும் காற்று, பின்னால் உயரமான பெட்டி. தொடக்க அசைவுக்கு இவை போதும்.

மூக்கின் பாரத்தை அளக்க விலை உயர்ந்த கருவி வேண்டாம். ஒரு வலுவான பலகை, ஒரு செங்கல், குளியலறை எடைக்கருவி இருந்தால் போதும். பலகையின் ஒரு முனை செங்கல் மேல், மறுமுனை 90 சென்டிமீட்டர் தள்ளி எடைக்கருவி மேல். டிரெய்லர் சமதரையில் நிற்க, சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்துவிட்டு, அதன் மூக்கைச் செங்கல்லிலிருந்து 30 சென்டிமீட்டர் தூரத்தில் பலகை மீது இறக்குங்கள். கருவி காட்டுவதை மூன்றால் பெருக்கினால் விடை கிடைக்கும். ஏன் மூன்று என்பதை நீங்களே எழுதிப் பாருங்கள். இதைப் பெரியவர் ஒருவருடன் சேர்ந்துதான் செய்ய வேண்டும்.

வேகத்தையும் மறக்கக் கூடாது. இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. 1,280 கிலோ டிரெய்லர் 90 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது அதன் ஆற்றல் 4 லட்சம் ஜூல். 110இல் அது ஏறத்தாழ 6 லட்சம். வேகம் ஐந்தில் ஒரு பங்குதான் கூடியது. பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றலோ பாதியளவு கூடிவிட்டது.

வண்டியோடு உறங்கலாமா?

என் கருத்துக்கு அதிக எதிர்ப்பு வருவது இங்கேதான். மோட்டார் சைக்கிளும் மனிதரும் ஒரே மூடிய பெட்டிக்குள் இரவைக் கழிக்கக் கூடாது என்கிறேன். “வெளியே விட்டால் திருடு போகுமே” என்பார்கள். நியாயமான அச்சம்தான். ஆனால் இரண்டு ஆபத்துகளையும் தராசில் வைத்துப் பாருங்கள்.

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையில் தேங்கும். காற்றில் அதன் அளவு ஏறத்தாழ 1.4 விழுக்காட்டை எட்டினாலே தீப்பொறி ஒன்றுக்குப் பற்றிக்கொள்ளும். நம் பெட்டியின் கொள்ளளவு சுமார் 12 கன மீட்டர். அது முழுவதையும் அந்த நிலைக்குக் கொண்டுவர ஏறத்தாழ ஒரு லிட்டர் பெட்ரோல் ஆவியானால் போதும். தரையோரம் மட்டும் என்றால் அதைவிட மிகக் குறைவு. சமையல் எரிவாயுவும் காற்றைவிடக் கனமானதுதான். இதோடு மின்கலம், சுவிட்ச், அடுப்பு எல்லாம் ஒரே இடத்தில்.

கார்பன் மோனாக்சைடு இன்னும் கொடியது. நிறமில்லை, மணமில்லை. நம் இரத்தத்தின் ஹீமோகுளோபின் ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பற்றுடன் இதைப் பிடித்துக்கொள்ளும். மூடிய பெட்டிக்குள் அடுப்பு எரிப்பதும், அருகிலேயே ஜெனரேட்டர் ஓட்டுவதும் இந்த வாயுவை வீட்டுக்குள் அழைப்பதாகும். உறங்குபவருக்கு எச்சரிக்கை எதுவும் கிடைக்காது.

குளிர்நாட்டில் எழுதப்பட்ட வரைபடங்களை அப்படியே இங்கே எடுத்துக்கொள்ள முடியாததற்கு வெயிலும் ஒரு காரணம். ஜொகூர் பாரு நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஒன்றரைப் பாகையில் இருக்கிறது. நண்பகல் சூரியன் ஏறக்குறைய தலைக்கு மேல் நிற்கும். தெளிந்த வானத்தில் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 1,000 வாட். 6.7 சதுர மீட்டர் கூரையில் விழுவது, மூன்று மின்கெண்டிகளின் வெப்பத்துக்குச் சமம். வெள்ளைக் கூரை அதில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பும். கறுப்புக் கூரை விழுங்கும். தாழ ஒரு காற்றுவழி, உயர ஒரு காற்றுவழி வைத்தால், சூடான காற்று மேலே வெளியேற, கீழே புதுக்காற்று நுழையும். 25 வாட் விசிறி எட்டு மணி நேரம் ஓட 200 வாட் மணி போதும்; 12 வோல்ட், 100 ஆம்பியர் மணி மின்கலம் ஒன்று அதை எளிதாகத் தாங்கும். குளிர்சாதனத்தை அதே மின்கலத்தில் இரவு முழுவதும் ஓட்ட முடியாது.

எனவே என் தீர்வு எளியது. சுவரோடு மடியும் கட்டில் அமையுங்கள். போய்ச் சேர்ந்ததும் மோட்டார் சைக்கிளை இறக்கி, டிரெய்லரின் முன்சட்டத்தோடு தடித்த சங்கிலியால் பூட்டுங்கள். கதவையும் காற்றுவழிகளையும் திறந்து வையுங்கள். நன்றாகக் காற்றாடிய பிறகு கட்டிலை இறக்குங்கள். சமையல் வெளியே. 12 அடி நீளத்தில் பைக்கையும் கட்டிலையும் வரிசையாக வைக்க எப்படியும் இடம் போதாது. மடக்குக் கட்டில் அந்தச் சிக்கலையும் தீர்த்துவிடும்.

கதவில் எண்களை எழுதுங்கள்

“மோட்டார் சைக்கிளை ஓட்டிக்கொண்டே போகலாமே, எதற்கு இழுக்க வேண்டும்?” என்று சிலர் கேட்கலாம். நம் நாட்டில் சாலையில் உயிரிழப்போரில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் மோட்டார் சைக்கிளில் செல்பவர்கள். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இரவு நேர நெடும்பயணத்தைத் தவிர்த்து, வண்டியை ஏற்றிச் செல்வதில் அறிவுடைமை இருக்கிறது. ஆனால் தவறாக ஏற்றிய டிரெய்லர் அந்த ஆபத்தை ஒழிப்பதில்லை. நம்மிடமிருந்து வேறொருவருக்கு மாற்றிவிடுகிறது. வால் ஆட்டும் டிரெய்லரின் பின்னாலும் பக்கத்திலும் வருபவர் யார்? வேலை முடிந்து கப்சாயில் வீடு திரும்பும் ஒருவராக இருக்கலாம். அவரைச் சுற்றி இரும்புக்கூடு இல்லை.

சரக்குக் கனவுந்துகளின் கதவில் எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ‘பெராத் தான்பா முவாத்தான்’ என்றால் வெற்று எடை. ‘பெராத் டெங்ஙான் முவாத்தான்’ என்றால் சரக்கோடு எடை. வீடாக மாற்றப்படும் ஒவ்வொரு டிரெய்லரின் கதவிலும் மூன்று எண்கள் இருக்க வேண்டும் என்பது என் பரிந்துரை: மாற்றிய பிறகு வெற்று எடை, அனுமதிக்கப்பட்ட மொத்த எடை, மூக்கின் பாரம். எடை மேடையில் நிறுத்தி எடுத்த எண்களாக அவை இருக்க வேண்டும். வாகனத்தின் அமைப்பை மாற்ற சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதி வேண்டும் என்பதால், பலகையை வெட்டும் முன்பே அங்கே கேட்டுவிடுவதும் முறை.

உங்களுக்கு இன்னும் உரிமம் எடுக்கும் வயது வந்திருக்காது. ஆனால் கணக்குப் போட வயது தடையில்லை. வீட்டில் யாராவது இப்படி ஒரு டிரெய்லர் வாங்கலாம் என்று பேச்செடுத்தால், மெத்தையின் நிறத்தைப் பற்றிக் கருத்துச் சொல்வதற்கு முன் ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு அருகில் உட்காருங்கள். என்னென்ன ஏற்றப்போகிறோம், ஒவ்வொன்றும் எத்தனை கிலோ, அது அச்சுக்கு முன்னாலா பின்னாலா என்று கேளுங்கள். அந்தக் கேள்வியை வீட்டில் வேறு யாரும் கேட்காமல் போகலாம்.