சிவப்பு அட்டைக்காரி

படிவம் ஒன்றில் படித்தபோது வரலாற்றுப் பாடத்திற்காகக் குடும்ப மரம் வரையச் சொன்னார்கள். அம்மா வழியில் கொள்ளுத்தாத்தாவின் பெயரை எழுதிவிட்டு, பக்கத்துக் கட்டத்தில் மலாயில் ‘இஸ்தெரி’ என்று மட்டும் எழுதி வண்ணம் தீட்டிக் கொடுத்தேன். நல்ல மதிப்பெண்ணும் கிடைத்தது!

நண்பர்களே, உங்களில் எத்தனை பேருக்குக் கொள்ளுப்பாட்டியின் பெயர் தெரியும்?

எங்கள் குடும்பம் சுங்கை காடுட் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்தது. தீபாவளிக்குக் கூடினால் கொள்ளுத்தாத்தாவின் கதை தவறாமல் வரும். சயாமையும் பர்மாவையும் இணைக்க ஜப்பானியர் 1942, 43இல் போட்ட 415 கிலோமீட்டர் மரண ரயில் பாதைக்குப் பிடித்துச் செல்லப்பட்டவர் அவர். 1943இல் போனார், திரும்பவில்லை. கதை அங்கேயே முடிந்துவிடும். அதன் பிறகு 53 ஆண்டுகள் உயிரோடு இருந்த அவர் மனைவிக்கு எங்கள் வீட்டில் ஒதுக்கப்பட்டது ஒரே வரிதான்: “பாவம், விவரம் தெரியாதவ. சாகிற வரைக்கும் சிவப்பு ஐ.சி.தான்.”

நானும் அதை நம்பிக்கொண்டுதான் இருந்தேன்.

கடந்த தவணை விடுமுறையில் பாட்டியோடு உட்கார்ந்து, கைப்பேசியில் பதிவு செய்துகொண்டே அவருடைய அம்மாவைப் பற்றிக் கேட்டேன். எந்த ஆண்டு என்று கேட்டால் பாட்டிக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் “அம்மா கப்பல்ல வந்த மறு வருஷம் ஊர்லேருந்து ஆள் வர்றது நின்னு போச்சு” என்பார். மலாயாவுக்குக் கூலியாட்களை உதவி கொடுத்து அனுப்புவதை இந்திய அரசு தடை செய்தது 1938 ஜூனில். அப்படியானால் கொள்ளுப்பாட்டி வந்தது 1937. “ஜப்பான்காரன் வந்தப்ப நான் கைப்பிள்ளை.” அது 1942 தொடக்கம். இப்படித்தான் கணக்குப் போட வேண்டியிருந்தது.

கணவர் போனபோது அவருக்கு மூன்று பிள்ளைகள். சயாமிலிருந்து மரணச் சான்றிதழா வரும்? காகிதத்தில் அவர் விதவைகூட இல்லை. விடியுமுன் பெரட்டு, பிறகு பால்வெட்டு, மங்கு துடைப்பது, ஒட்டுப்பால் பொறுக்குவது என்று காலம் போனது. குடியுரிமைக்காக ஒரு முறை சிரம்பானுக்குப் போயிருக்கிறார். கேட்ட காகிதம் ஒன்றும் அவரிடம் இல்லை. மறுபடி போனால் இன்னொரு நாள் பேர் விழாது, அந்த நாள் சம்பளம் போய்விடும். போகவில்லை.

அடுத்து பாட்டி சொன்னதுதான் என்னை உலுக்கியது. மூன்று பிள்ளைகளின் பிறப்புப் பத்திரத்தையும் கொள்ளுப்பாட்டி ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு, ஜப்பான் காலத்திலும், லயம் மாறியபோதும் கூடவே வைத்திருந்தாராம். அந்தப் பத்திரங்களைக் காட்டித்தான் மூவருக்கும் நீல அட்டை கிடைத்தது. 1969க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமாகி, பல்லாயிரம் தோட்டத் தமிழர்கள் கப்பலேறியபோது, அவர் போக மறுத்ததும் பிள்ளைகள் இங்கே இருந்ததால்தான்.

இவரா விவரம் தெரியாதவர்?

கயானாவில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த பத்திரிகையாளர் காயத்ரா பகதூர், 1903இல் கல்கத்தாவில் தனியாகக் கப்பலேறிய தம் கொள்ளுப்பாட்டி சுஜாரியாவைத் தேடி ‘கூலி வுமன்’ (2013) என்ற நூலை எழுதினார். ஒப்பந்தக் கூலியாகப் போனவர் என்பதால் சுஜாரியாவின் பெயரில் குடிபெயர்வுச் சீட்டு இருந்தது. மலாயாவில் ஒப்பந்த முறை 1910இலேயே நிறுத்தப்பட்டது. பிறகு கங்காணியோடு வந்த நம் பாட்டிமார்களுக்கு ஆளுக்கொரு ஒப்பந்தம் கிடையாது. போதாக்குறைக்கு நம் பெயர்முறை வேறு. ‘அ/பெ’க்குப் பிறகு அப்பா பெயர்தான் வருகிறது. அம்மாவின் பெயர் பிறப்புப் பத்திரத்தோடு நின்றுவிடுகிறது.

ஆகவே என் கருத்து இதுதான். ஔவையாரையும் வெள்ளிவீதியாரையும் மேடைபோட்டுப் பேசிப் பரிசு வாங்கிவிட்டோம் (நானும் வாங்கியிருக்கிறேன்). அடுத்த விடுமுறைக்கு வீட்டில் இருக்கும் கிழவியிடம் பேசுவோம். வருடம் கேட்காதீர்கள். ஜப்பான்காரன் வந்தபோது யார் இடுப்பில் இருந்தது, மே கலவரத்தின்போது யார் வயிற்றில் இருந்தது என்று கேளுங்கள். அப்பா வழியோடு நிறுத்திவிடாதீர்கள்.

கொள்ளுப்பாட்டியின் பெயரை மட்டும் இன்னும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அட்டையில் ஒரு பெயர், மரணச் சான்றிதழில் வேறொரு பெயர். இரண்டுமே கிராணி காதில் விழுந்ததுதான் என்கிறார் பாட்டி. அவர் சொல்வது மூன்றாவது பெயர்.

போன மாதம் பாட்டியை அழைத்துக்கொண்டு கொமுட்டரில் சுங்கை காடுட் போய் இறங்கினேன். தொழிற்சாலை வேலி ஒன்றைக் காட்டி, “இங்கதான் எங்க லயம்” என்றார். ஆயாக்கொட்டகை இருந்த இடம் அவருக்கே பிடிபடவில்லை. திரும்பி வரும்போது அந்த பிஸ்கட் டின் இப்போது யாரிடம் இருக்கிறது என்று கேட்டேன்.

“உங்க மாமா வீடு மாத்துனப்ப, பழசுன்னு தூக்கிப் போட்டுட்டாங்கம்மா.”