ஊதா வயலில் ஒரு விதைப்பாளன்



திருச்சி மலைக்கோட்டையின் உச்சியிலே நின்று வடக்கே நோக்கினால், காவிரிக்கு அப்பால் திருவரங்கத் தீவு கண்ணுக்கு விருந்தாகும். தென்னையும் வாழையும் சூழ, இராசகோபுரம் ஓங்கி நிற்கும். தீவின் மேற்கே, வீடுகள் இன்னும் விழுங்காத வயல்களில், நாற்றங்காலுக்கு விதை தெளிக்கும் உழவனைக் காணும் பேறும் வாய்ப்பதுண்டு. முளைகட்டிய நெல்லை அள்ளி அள்ளி அவன் வீசிச் செல்லும் நடையிலேதான் எத்துணை அமைதி!

அக்காட்சியைக் காணுந்தோறும் ஓர் ஓவியம் நம் நினைவுக்கு வருகிறது. 1888ஆம் ஆண்டு சூன் திங்களில், பிரான்சு நாட்டின் ஆர்ல் நகரில் வாழ்ந்தபோது வின்சென்ட் வான் கோ தீட்டிய 'விதைப்பவன்' என்பதே அது. இன்று நெதர்லாந்து நாட்டிலுள்ள கிரோலர்-முல்லர் அருங்காட்சியகத்தில் அது உள்ளது.

வானம் முழுவதும் மஞ்சள். அடிவானத்தில் பெரியதொரு கதிரவன். உழுத நிலமோ ஊதாவும் நீலமுமாக விரிந்து கிடக்கிறது. கண்ட ஒளியைப் பதிக்க முயன்ற இம்ப்ரெஷனிச ஓவியர்களுக்குப் பின்வந்து, நிறத்தினால் உள்ளத்தைப் பேசவைத்தவர் வான் கோ. இத்தகையோரைப் 'பிந்தைய இம்ப்ரெஷனிசத்தார்' என்று 1910இல் பெயரிட்டவர் ரோஜர் ஃப்ரை என்னும் ஆங்கிலேயத் திறனாய்வாளர்.

ஓவியத்திலே விதைப்பவனுக்கு அருகில் பறவைகள் தானியம் பொறுக்குகின்றன. மத்தேயு நற்செய்தியின் 13ஆம் அதிகாரத்தில் நம் ஆண்டவர் கூறிய உவமை உடனே நினைவுக்கு வருகிறதன்றோ?

அவனுக்குப் பின்னாலோ முற்றிய கோதுமை அறுவடைக்குக் காத்து நிற்கிறது. அந்நாட்டிலே கோதுமையை இலையுதிர் காலத்தில் விதைத்து, கோடையில் அறுப்பர். பின் ஏன் இரண்டையும் ஒரே படத்தில் வைத்தார்? விதைக்கும்போதே விளைச்சலைக் காண்பதுதான் நம்பிக்கை என்று உணர்த்தவோ எனத் தோன்றுகிறது.

ஆனால் அந்த ஓவியரே தம் விளைச்சலைக் காணவில்லை. சீர்திருத்த சபைப் போதகரின் மகனான அவர், 1879இல் பெல்ஜியத்துச் சுரங்கத் தொழிலாளரிடையே நற்செய்திப் பணியாற்றினார். தம் உடைகளையும் ஏழைகளுக்கு ஈந்து, குடிசையில் வாழ்ந்தார். அது மிகையெனக் கருதிய மேலாளர்கள் அவர் பணியை நீட்டிக்கவில்லை. வீட்டாரும் மனம் நொந்தனர். தம் 27ஆம் வயதிலேதான் ஓவியராக முடிவு செய்தார். விற்ற படங்களோ மிகச் சில. தம்பி தெயோ பணம் அனுப்பித் தாங்கினார். ஆயினும் மனநோய் அவரை வாட்டியது. 1890 சூலையில், தம்மைத் தாமே சுட்டுக்கொண்ட காயத்தால், 37ஆம் வயதில் இறந்தார். அம்முடிவுக்குத் தீர்ப்பிடாது, இறைவனின் இரக்கத்திடம் ஒப்படைப்போம். ஆறே திங்களில் தம்பியும் மறைந்தார். தம்பியின் மனைவி யோகன்னாவே ஓவியங்களைக் காத்து, கடிதங்களை 1914இல் வெளியிட்டு, உலகறியச் செய்தார்.

பெற்றோரே! தேர்வு முடிவு வந்த நாளிலிருந்து மகனோடு பேசாத தந்தை நம் பங்கிலும் இருக்கக்கூடும். 'உருப்படமாட்டாய்' என்ற ஒரு சொல் ஓர் இளநெஞ்சை எவ்வளவு ஆழமாகப் புண்படுத்தும் என்பதை எண்ணிப் பார்த்தோமா? தெளித்த மறுநாளே மண்ணைக் கிளறிப் பார்க்கும் உழவன் உண்டா?

வெற்றியைக் காணுமுன்பே தாங்கிய ஒரு தம்பியும், மறைந்தபின்னும் மறவாத ஒரு பெண்ணும் இல்லையேல், அந்த மஞ்சள் வானம் நமக்குக் கிட்டியிராது. இன்றிரவு குடும்பச் செபம் முடிந்ததும், உங்கள் வீட்டில் துவண்டிருக்கும் பிள்ளையின் அருகில் சற்றே அமருங்கள். அறிவுரை வேண்டாம், அன்போடு ஒரு சொல் போதும். விளையச் செய்பவர் இறைவன்.