ஒரு துளி நீரின் சாட்சி

இடுக்கி மாவட்டத்து வட்டவடை, மலைச்சரிவில் படிப்படியாக அமைந்த காய்கறித் தோட்டங்களுக்குப் பெயர்பெற்ற ஊர். உருளைக்கிழங்கும் கேரட்டும் பூண்டும் எத்தனை நாளில் விளையும் என்பதை அங்குள்ள சிறுவர்களும் அறிவர். அத்தோட்டங்களை நனைக்கும் நீரிலும் ஓர் உயிர்க்கூட்டம் வளர்கிறது. அதனை வளர்த்து, நுண்ணோக்கியில் பார்க்கும் வாய்ப்பு மாணவர் ஒவ்வொருவருக்கும் கிடைக்க வேண்டும்.

குளத்து நீரில் வாழும் டாஃப்னியாவை எடுத்துக்கொள்வோம். தெள்ளுப்பூச்சியைப் போலத் தாவித் தாவி நீந்துவதால் இது நீர்த்தெள்ளு எனவும் வழங்கும். வெறுங்கண்ணுக்கு வெறும் புள்ளி. நுண்ணோக்கியிலோ கண்ணாடி போன்ற உடல். துடிக்கும் இதயமும், பாசியுண்டு பசுமையான குடலும், முதுகுப்புறப் பையிலுள்ள முட்டைகளும் தெளிவாகத் தெரியும். குஞ்சுகள் அப்பையிலேயே பொரிந்து, சில நாள்களில் தாயின் வடிவத்துடன் வெளிவரும். மேலுறையைக் களைந்து களைந்து வளரும். நீர் குளிர்ந்திருந்தால் வளர்ச்சி மெதுவாகும். ஆகவே, தேனியில் வளர்வதைவிட வட்டவடையில் அதற்குக் கூடுதல் நாள்கள் தேவைப்படும்.

"இவற்றைக் காணொளியில் காட்டினால் போதாதா?" எனச் சிலர் வினவுவர். காணொளி, பிறர் கண்டதையே காட்டும். நெதர்லாந்தில் இரு சிறுவர்களுக்கு ஆசிரியராக இருந்த ஆப்ரகாம் டிரெம்ப்ளே, குட்டை நீரைக் கண்ணாடிக் குடுவையில் வைத்து நாள்தோறும் உற்றுநோக்கினார். அந்நீரில் இருந்த ஹைட்ராவை வெட்டினால் ஒவ்வொரு துண்டும் முழு உயிராக வளர்வதைக் கண்டார். அவர்தம் நூல் 1744ஆம் ஆண்டு வெளிவந்தது. அவருக்குத் துணையாக இருந்தவை ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடியும் பொறுமையுமே.

கருவிக்குப் பெருஞ்செலவாகும் என்பதும் இன்று பொருந்தாது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இந்திய அறிவியலாளர் மனு பிரகாஷ், தம் குழுவினருடன் காகிதத்தை மடித்துச் செய்யும் நுண்ணோக்கியை உருவாக்கி, 2014ஆம் ஆண்டு அதன் அமைப்பை வெளியிட்டார். ஃபோல்டுஸ்கோப் எனப்படும் அது, பொருளை 140 மடங்கு பெரிதாக்கிக் காட்டும்.

இப்பயிற்சி வெறும் பொழுதுபோக்கன்று. பூச்சிக்கொல்லி கலந்த நீரில் நீர்த்தெள்ளு விரைவில் செயலிழக்கும். ஆதலால், உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் நீரின் நச்சுத்தன்மையை அறிய அதனை 48 மணி நேரம் அந்நீரில் விட்டுப் பார்க்கின்றனர். எனினும், குடுவையில் ஓர் உயிர் இறந்தவுடன் நஞ்சே காரணம் என முடிவுகட்டலாகாது. உணவின்மையோ குழாய்நீரிலுள்ள குளோரினோ காரணமாகலாம். இரண்டு குடுவைகளை ஒப்பிட்டு, கண்டதைத் தேதியுடன் எழுதி, பின்னரே முடிவுக்கு வருதல் வேண்டும். அறிவியல் கற்பிக்கும் நேர்மை அதுவே.

தன் குடுவையில் ஒரு நீர்த்தெள்ளைக் குஞ்சுப் பருவம் முதல் வளர்த்த சிறுமி, மருந்து தெளிப்பானை ஓடையில் கழுவுவதைக் கண்டால் பேசாமல் கடந்து செல்லமாட்டாள். அந்த ஓடையில் எத்தனை இதயங்கள் துடிக்கின்றன என்பதை அவள் கண்ணாரக் கண்டிருக்கிறாள்.